ஐயாவின் மாரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக் பொருத்தலாமா?

வாசகர் கேள்வி: தானியங்கிப் பொறியாளரும் வாகனச் சேத மதிப்பீட்டாளருமான ஆலோசகரின் பதில்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரைப் பூர்வீகமாகக் கொண்டு, இப்போது சென்னையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய ஐயா, அதாவது அப்பச்சி என்று அவர் அழைக்கும் அப்பாவின் தந்தையார், 1954-ஆம் ஆண்டு மதராஸில் வாங்கிய மாரிஸ் மைனர் சீரிஸ் 2 கார், ஐயாவின் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் வீட்டுக் கொட்டகையில் நின்றிருக்கிறது. சென்ற ஆண்டு என்ஜினைச் சரிசெய்து ஓட வைத்தார்கள். முதல் பயணமாகப் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும்போது, முன்னால் சென்ற லாரி திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதிக்க, பெடல் தரைவரை இறங்கிவிட்டது. காலை எடுத்து மறுபடி மிதித்த பிறகே பிடித்தது. வண்டியும் இடப்பக்கமாக இழுத்தது. விபத்து நேரவில்லை என்றாலும், உடன் வந்த மனைவியும் அப்பத்தாவும் மிகவும் பயந்துவிட்டார்கள்.

மதுரையில் ஒரு பட்டறைக்காரர், முன் சக்கரங்களுக்கு வேறொரு காரின் டிஸ்க் பிரேக்கை இணைப்புத் தகடு வைத்து வெல்டு செய்து பொருத்தி, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பெரியப்பா மகனான அண்ணனோ, ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் வண்டிக்கு மதிப்பே போய்விடும் என்கிறார். வருகிற தை மாதத்தில் தங்கை மகனின் திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காரைத்தான் எடுக்க வேண்டும் என்பது அப்பத்தாவின் ஆசை. டிஸ்க் போடலாமா, சட்டம் இடம் தருமா, பழமை கெட்டுவிடுமா என்பன அவருடைய கேள்விகள். ஆர்.சி. புத்தகம் இன்னமும் ஐயாவின் பெயரிலேயே இருப்பதையும் கடிதத்தின் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அண்ணனும் பட்டறைக்காரரும் எதிரெதிர்த் திசையில் பேசினாலும், இருவரும் ஒரே விஷயத்தை உறுதியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: அந்தக் காரின் பழைய பிரேக் இவ்வளவுதான் பிடிக்கும் என்பதை. நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், அது பிரேக்கின் வடிவமைப்பில் உள்ள குறை அல்ல, பிரேக் நோயுற்றிருப்பதன் அடையாளம். நோயுற்ற பிரேக்கை வைத்துக்கொண்டு, அந்த வகைப் பிரேக்கே போதாது என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் அதை 1954-இல் இருந்த ஆரோக்கியத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் ஓட்டிப் பார்த்துப் போதாது என்று தோன்றினால் மேம்படுத்துங்கள். அப்படி மேம்படுத்தும்போது, ஒருநாள் பழைய நிலைக்கே திருப்பிவிடக்கூடிய வகையில், எதையும் வெட்டாமல், வெல்டு செய்யாமல் செய்யுங்கள். என் ஆலோசனையின் சாரம் இவ்வளவுதான். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பெடல் இறங்கியது ஏன்?

உங்கள் காரில் நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல டிரம் பிரேக். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும், டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டைகளான ஷூ இரண்டும் சுழற்சியோடு சேர்ந்து டிரம்மைக் கவ்வும் அமைப்பு. முக்கால் டன்னுக்குச் சற்று அதிகமான எடையும், 803 சி.சி. என்ஜின் தரும் ஏறத்தாழ 30 குதிரைத்திறனும் கொண்ட வண்டிக்கு, அக்காலத்து வேகத்தில், இது போதுமானதாகவே கருதப்பட்டது. ஆனால் இந்த டிரம்களில் இன்றைய கார்களைப் போல ஷூ தானாகச் சரிசெய்துகொள்ளாது. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய, நாமே திருகி முடுக்க வேண்டும். சக்கர மூடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, அதிலுள்ள துளையை நேருக்குக் கொண்டுவந்தால், உள்ளே வெட்டு விழுந்த ஒரு திருகுத் தலை தெரியும். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்று. ஸ்க்ரூ டிரைவரால் ஷூ டிரம்மைத் தொட்டு நிற்கும்வரை முடுக்கி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றுமாறு ஒரு பல் பின்வாங்க வேண்டும். பழைய மெக்கானிக்குகளுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை. இன்றைய பட்டறைகளில் பலருக்கு அங்கே அப்படி ஒரு திருகு இருப்பதே தெரிவதில்லை. முதல் மிதியில் தரைவரை இறங்கி, இரண்டாம் மிதியில் பிடிக்கும் பெடலுக்கு, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிப்போயிருப்பதோ, குழாயில் காற்று புகுந்திருப்பதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் வேறு. இடது முன் சக்கரம் பிடித்த அளவுக்கு வலது முன் சக்கரம் பிடிக்கவில்லை என்பதே அதன் பொருள். ஷூவைத் தள்ளும் வலது வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். அல்லது கசிந்த பிரேக் ஆயிலோ கிரீஸோ லைனிங்கில் ஊறியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இருபது ஆண்டுகளாக ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக்குள் நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரை அரித்துக் குழிகுழியாக்கியிருக்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. வேலை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். "இருந்த ஆயிலோடு கொஞ்சம் ஊற்றினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சிலிக்கோன் வகையான டாட் 5 ஆக இருந்தால், பழைய வகையோடு அது கலக்கவே கலக்காது. எனவே டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்தபடி இருங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவு தென்படாவிட்டால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் ஆயிலை நழுவவிடுகிறது என்று கொள்ளலாம். மைனரில் அந்தச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே, சேஸி சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதைக் கழற்றப் போனால், முன்பக்க சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். பலரும் அதைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதற்கு இந்தச் சிரமமே காரணம். நீங்கள் வேலையை ஒப்படைக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றித் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உட்சுவர் குழிந்திருந்தால் சிலிண்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறையில் உள்ளே துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போட்டுவிட்டால், வெளியே மாரிஸின் வார்ப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்து லைனிங்குகளில், மூச்சில் போனால் கேடு செய்யும் அஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து ஊதும் பழக்கம் பட்டறைகளில் இன்றும் உண்டு. அதைச் செய்யவிடாதீர்கள், முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டிஸ்க் தருவது என்ன?

டிஸ்க் போட்டால் பாதித் தூரத்தில் வண்டி நின்றுவிடும் என்று பட்டறைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நிற்காது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடிக்கும் பிரேக் எதுவானாலும், அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்புதான். நன்றாகச் சரிசெய்யப்பட்ட 7 அங்குல டிரம்மே மைனரின் ஒல்லியான டயர்களைப் பூட்டிவிடும். டிஸ்க்கின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்தடுத்து மிதிக்கும்போது எழும் சூட்டை அது விரைவாக வெளியேற்றும். மழைநீரில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும். இருபக்கமும் சமமாகப் பிடிக்கும். கொடைக்கானலிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ வளைவு வளைவாக இறங்குகிறவருக்கு இந்தப் பலம் உயிர்காக்கும். நீங்கள் ஓட்டப்போவது காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் ஆகிய ஊர்களைச் சுற்றிய சமவெளிச் சாலைகள். அங்கே டிரம் சூடேறிப் பிடி தளரும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு வந்த ஆபத்தும் சூட்டினால் வந்தது அல்லவே.

பூஸ்டரைப் பற்றியும் அப்படியே. அது காலின் உழைப்பைக் குறைக்கும். டயரின் பிடிப்பைக் கூட்டாது. அரித்துப்போன பழைய குழாய்களிலும் ஹோஸ்களிலும் கூடுதல் அழுத்தத்தை ஏற்றுவதால், அவற்றை மாற்றாமல் பூஸ்டரை மட்டும் போடுவது இருக்கிற ஆபத்தைப் பெரிதாக்கும்.

பட்டறைக்காரரின் திட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது வெல்டிங். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டு வைப்பது, அந்த எஃகுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பதத்தைக் கெடுத்துவிடும். பிரேக் போடும்போது முழு விசையும் விழுவது அந்த இடத்தில்தான். அதோடு மைனருக்கென்றே ஒரு பலவீனம் உண்டு. முன் சக்கரம் திரும்பும் அச்சு, மேலும் கீழும் ட்ரன்னியன் எனப்படும் மரையிட்ட பாகங்களில் நிற்கிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் அச்சு நழுவிச் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். செம்மண் புழுதியில் ஓடி, பிறகு இருபது ஆண்டுகள் நின்ற வண்டியில் இதைப் பார்க்காமல் முன் பிரேக்கை மட்டும் வலுவாக்குவது முறையல்ல. இன்னொரு நுட்பம்: டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அதை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால், டிஸ்க்கைக் கவ்வும் பேட்கள் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். உங்கள் பட்டறைக்காரரிடம் இந்த வால்வை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் தரும் பதிலிலிருந்தே அவருக்கு இந்த வேலை தெரியுமா என்பது விளங்கிவிடும்.

மேம்படுத்தியே ஆக வேண்டுமானால்

எல்லாவற்றையும் சரிசெய்து, ஒரு மாதமாவது ஓட்டிப் பார்த்த பிறகும் உங்களுக்கு நிறைவு இல்லையென்றால், நான் முதலில் பரிந்துரைப்பது மாரிஸ் நிறுவனமே காட்டிய வழியை. 1962-இல் 1098 சி.சி. என்ஜின் வந்தபோது, அதே மைனருக்கு முன் டிரம்களை 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். பின் டிரம்களை 7 அங்குலமாகவே விட்டார்கள். முன்பின் சமநிலையை அவர்களே கணக்கிட்டுத் தந்துவிட்டார்கள் என்பது இதிலுள்ள நன்மை. முன் பிரேக்கின் ஷூக்களைத் தாங்கும் தகடு, ஷூ, சிலிண்டர், டிரம் ஆகியவற்றை ஒரே தொகுதியாக வாங்க வேண்டும். ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயுமாகச் சேர்த்தால் பொருந்தாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வேண்டும்போது போல்ட்டைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம்.

டிஸ்க்தான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், மைனருக்கென்றே வடிவமைத்து, வெல்டிங் இல்லாமல் போல்ட்டிலேயே மாட்டும் தொகுதிகள் இங்கிலாந்தில் விற்கின்றன. அவற்றில் ஒன்றை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைவிடவும் பூஸ்டரைவிடவும் பெரிய பாதுகாப்பு ஒன்றைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, பட்டறைக்காரரும் பேசவில்லை. உங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு வீல் சிலிண்டரில் சீல் கிழிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கம்பியால் பின் சக்கரங்களை இழுக்கும் கை பிரேக் மட்டுமே. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பாதையைப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இந்தக் குறையைப் போக்கும். தளத்தையோ சேஸியையோ வெட்டாமல் அதைப் பொருத்த முடியுமானால், மாற்றங்களில் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேண்டாம். குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செப்பு-நிக்கல் கலவையில் போட்டு, ஹோஸ்களை மாற்றி, கை பிரேக்கைத் தனியே சோதித்துவைத்து, ஆண்டுதோறும் டிரம்களைத் திறந்து பாருங்கள்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசியாக உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2000-க்கு முந்தைய டயரில் மூன்று இலக்கம்தான் இருக்கும்; அப்படி இருந்தால் பட்டை எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அந்த டயரில் ஊரைத் தாண்டாதீர்கள்.

பழமையின் மதிப்பு

உங்கள் அண்ணனின் கவலையை நான் மதிக்கிறேன். ஒரு முறை வெட்டிய உலோகம் திரும்பி வராது; இப்படி வெட்டப்பட்டே பல நல்ல வண்டிகள் தம் அடையாளத்தை இழந்திருக்கின்றன. ஆனால் எதை மாற்றினாலும் மதிப்பு போய்விடும் என்பது சரியல்ல. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டுரின் சாசனத்தில், சாலைப் பாதுகாப்புக்காகத் தேவைப்படும் மாற்றங்களை அடியோடு விலக்கவில்லை. அவை வெளியே துருத்தாமல், திருப்பக்கூடியனவாக இருக்க வேண்டும்; கழற்றிய பாகங்களை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்றே சொல்கிறது. உங்கள் ஊர் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள்: முகப்பின் பர்மாத் தேக்குத் தூணில் ஓர் ஆணியும் இறங்காமல், உத்தரத்தின் ஓரமாகவே மின்கம்பியை இழுத்திருப்பார்கள். வண்டியிலும் அந்தக் கவனம் போதும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, எந்தச் சக்கரத்துடையது என்று அட்டை கட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். பழைய கார்களுக்கான போட்டிகளில் நடுவர் கேட்டால் அந்தப் பெட்டியையும் குறிப்பேட்டையும் காட்டுங்கள். மறைத்துப் பிறகு கண்டுபிடிக்கப்படுவதே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சட்டமும் பதிவும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. பழுதான பாகத்துக்கு அதே பாகத்தைப் போடுவது பராமரிப்பு. அதற்கு இந்தத் தடை பொருந்தாது. 8 அங்குல டிரம் அதே மாடலுக்கு அதே நிறுவனம் தந்த பாகம் என்பதால் ஆட்சேபணைக்கு இடம் குறைவு என்பது என் கருத்து. வேறொரு காரின் டிஸ்க்கை வெல்டு செய்வதை அப்படிச் சொல்ல முடியாது. எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

மிகப் பழைய வாகனங்களுக்கென உள்ள, அண்ணன் சொல்லும் "விண்டேஜ்" பதிவைப் பற்றி அவசரப்பட வேண்டாம். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸி, உடல், என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாத கார்களுக்கு அந்தப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், காலம் 10 ஆண்டுகள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். பிள்ளையார்பட்டிப் பயணமும் மாப்பிள்ளை அழைப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. குடும்பத்தோடு ஓட்டுவதுதான் உங்கள் விருப்பம் என்பதால், வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விண்டேஜ் பதிவானாலும் வழக்கமான சொந்த உபயோகப் பதிவானாலும், சுற்றுலா விடுதிகளுக்கோ படப்பிடிப்புக்கோ அதை வாடகைக்கு விட உங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது நீங்கள் கடைசி வரியில் எழுதியதற்கு வருகிறேன். வரிசையில் அது முதலில் வந்திருக்க வேண்டும். ஐயாவின் பெயரிலுள்ள கார், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் உரியது. உங்கள் அப்பச்சியைப் போலவே பெரியப்பா வீட்டாருக்கும் அத்தைமார்களுக்கும், முதலில் உங்கள் அப்பத்தாவுக்கும், அதில் பங்கு உண்டு. எனவே அண்ணன் மறுப்புச் சொல்வதை வெறும் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தம் வீட்டுப் பங்கின் சார்பில் பேசுகிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இதற்கான காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டதால் அபராதம் இருக்கும். அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். இறந்தவர் பெயரிலேயே வண்டி ஓடி ஒரு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டு வழக்கில் பங்காளிகள் அனைவரும் இழுக்கப்படலாம். சம்மதக் கடிதம் வாங்கும்போதே பிரேக்கில் என்ன செய்யப்போகிறோம், பழைய பாகங்கள் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னால் மனவருத்தம் வராது.

தைத் திருமணத்துக்கு

காலம் போதுமானதுதான், ஆனால் மேலே சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். சிலிண்டர்கள், குழாய், லைனிங், ட்ரன்னியன், டயர் ஆகிய வேலைகள் கார்த்திகைக்குள் முடிந்துவிட்டால், மார்கழியில் ஆளில்லாச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பழகுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும்; நீங்கள் ஆபத்தைக் கண்டு பெடலில் கால் வைப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். எந்தப் பிரேக்கும் அந்தத் தூரத்தைக் குறைக்காது. 50-க்குள் ஓட்டி, முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நிறைய இடம் விடுங்கள்.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் வேகம் இருக்காது. ஆனால் வண்டியின் முன்னும் பின்னும் மேளக்காரர்களும் குழந்தைகளும் நடப்பார்கள். அன்று பழைய வண்டியை ஓட்டிப் பழகிய ஒருவரே ஓட்ட வேண்டும், கை பிரேக் நிச்சயமாகப் பிடிக்க வேண்டும். பெயர் மாற்றமும் காப்பீடும் முடியாமலிருந்தாலோ, பெடல் ஒரு முறையேனும் தளர்ந்தாலோ, காரை அலங்கரித்து வீட்டு முகப்பில் நிறுத்தி, மாப்பிள்ளையை வேறு வண்டியில் அழைத்து வாருங்கள். அப்பத்தாவிடம் காரணத்தை நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

டிரம்களைத் திறந்ததும் அவற்றின் உள்விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து, வீல் சிலிண்டர்களின் படங்களோடு எனக்கு எழுதுங்கள். டிரம் தேய்ந்து வட்டம் குலைந்திருந்தால் கடைசல் கொடுக்கலாமா, மாற்ற வேண்டுமா என்பதையும், 8 அங்குலத்துக்குப் போவது உங்களுக்குத் தேவைதானா என்பதையும் அதைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.